செக்கெண்ணெய்க்கு மாறியாச்சு, இனி மாத்திரை எதற்கு?

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவிலுள்ள ஒரு ஊரிலிருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் இரண்டும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 38. கணவருக்கு 47, பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார். பதினான்கு மாதத்துக்கு முன்பு நெஞ்சுவலி வந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்றைக் கணவருக்கு வைத்தார்கள். அப்போது கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 148. மாத்திரை ஆரம்பித்த பிறகு 62க்கு இறங்கியது. போன சித்திரையில் வீட்டில் ஒரு முடிவெடுத்தார்கள்: இனி ரீஃபைண்ட் எண்ணெய் வாசல்படி ஏறக்கூடாது. சொந்தத் தோப்புத் தேங்காயைக் களத்தில் உலர்த்தி, நிலக்கடலையும் எள்ளும் வாங்கி, எல்லாவற்றையும் மரச்செக்கில் ஆட்டிக்கொண்டு வருகிறார்கள். இதற்கிடையில் கணவர் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, தினமும் காலையில் வெறும் வயிற்றில் தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி குடிக்க ஆரம்பித்திருக்கிறார். "எண்ணெயையே மாத்தியாச்சு, அப்புறம் கொழுப்பு மாத்திரை எதுக்கு? அது கிட்னியைக் கெடுக்கும்" என்று சொல்லி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டார். போன மாதம் பார்த்ததில் எல்டிஎல் 131.

வாசகி வீட்டிலிருந்தே கேக், பிஸ்கட் செய்து திருப்பூருக்கு அனுப்புகிறார். வெண்ணெய்க்குப் பதில் முழுக்கத் தேங்காய் எண்ணெய். பெட்டியின் மேல் "செக்கு எண்ணெயில் செய்தது, இதயத்துக்கு நல்லது" என்று ஒட்டுகிறார். ஒரு வாடிக்கையாளர், "செக்கெண்ணெயை ஓவனில் 180 டிகிரியில் வைத்தால் விஷமாகிவிடும்" என்று சொன்னதிலிருந்து தூக்கமில்லையாம். மாமியாரோ, "எங்க காலத்துல யாருக்கு அட்டாக் வந்துது? நல்ல எண்ணெய் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்கிறார். ஐந்து பேர் உள்ள வீட்டில், கேக் வேலைக்குப் போக, மாதம் எட்டு லிட்டர் எண்ணெய் தீர்கிறது.

முதலில் மாத்திரை

அம்மணி, நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிக்கொள்கிறேன். ஓவனை முதல் பக்கத்தில் வைத்துவிட்டு, மாத்திரையை நான்காம் பக்கத்தின் அடியில் "அப்புறம் இன்னொன்று" என்று எழுதியிருக்கிறீர்கள். ஈரோட்டில் இத்தனை வருடம் மருத்துவம் பார்த்ததில் எனக்கு இது பழக்கம்தான். எழுந்து கதவுவரை போய், கைப்பிடியில் கை வைத்த பிறகுதான் பலரும் முக்கியமானதைச் சொல்வார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் ஸ்டாடினை நிறுத்தியது தவறு. இந்த வாரமே, ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவரைப் போய்ப் பாருங்கள். 62 என்று வந்த பழைய ரிப்போர்ட், 131 என்று வந்த புதிய ரிப்போர்ட் இரண்டையும் கொண்டுபோங்கள். எப்போதிலிருந்து நிறுத்தினார் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில் "நடுவில் ரெண்டு நாள் விட்டுப்போச்சு" என்று சொன்னால், மருத்துவர் மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு அளவைக் கூட்டிவிடுவார்.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளை அவர் நிறுத்தாமல் தொடர்வது நல்லதாகப் போயிற்று. அவற்றைத் தானாக நிறுத்துவது இன்னும் ஆபத்து. ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும்.

ஸ்டென்ட் வைத்தது ரத்தக்குழாயில் அடைத்துப்போன ஒரே ஒரு இடத்தில். மற்ற இடங்களில் படிந்திருப்பது அங்கேயேதான் இருக்கிறது. ஸ்டாடின் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியாவதைக் குறைக்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைக் கல்லீரல் கூடுதலாக இழுத்துக்கொள்ளவும் வைக்கிறது. ஏற்கெனவே படிந்திருக்கும் திட்டுகள் வெடித்துவிடாமல் நிலைத்திருக்கவும் உதவுகிறது. செக்கெண்ணெய், ஆலை எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எதுவும் இந்த வேலையைச் செய்யாது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு எல்டிஎல் 55க்குக் கீழே இருக்க வேண்டும் என்றுதான் இப்போது இதய மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் அவருடைய 62கூடக் கொஞ்சம் அதிகம்தான்.

கிட்னி பயத்துக்கு வருகிறேன். வழக்கமான அளவில் எடுத்தால் ஸ்டாடின் சிறுநீரகத்தைக் கெடுப்பதாகச் சான்று இல்லை. சிலருக்குத் தசைவலி வரும், சிலருக்குச் சர்க்கரை லேசாக ஏறும், இவை உண்மை. அவருக்குத் தொடையிலோ தோளிலோ வலி இருந்ததால்தான் நிறுத்தினாரா என்று ஒருமுறை நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். ஆண்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள், வீடியோவைக் காரணம் காட்டுவார்கள். வலி இருந்தால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடினுக்கு மாறலாம், எசெட்டிமைப் போன்ற வேறு வகை மாத்திரையைச் சேர்க்கலாம். வழி நிறைய உண்டு.

அதற்குள் நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சுத்திணறல் என்று ஏதாவது வந்தால், வாயுவாக இருக்கும் என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக்கொண்டு இருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

காலையில் குடிக்கும் அந்த இரண்டு கரண்டி

இரண்டு மேசைக்கரண்டி என்பது 30 மில்லி, ஏறக்குறைய 27 கிராம். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு, எல்டிஎல்லை ஏற்றும் வகையான நிறைவுற்ற கொழுப்பு. ஆக, காலை ஆறு மணிக்கே 24 கிராம் நிறைவுற்ற கொழுப்பு உள்ளே போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்கு மேல் இந்தக் கொழுப்பிலிருந்து வரக்கூடாது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஆளுக்கு அது 22 கிராம். உங்கள் வீட்டுக்காரர் காபி குடிப்பதற்கு முன்பே அன்றைய கோட்டாவைத் தாண்டிவிடுகிறார். அதன் பிறகுதான் பால், முட்டை, குழம்பில் அரைத்துவிட்ட தேங்காய், பொரியலில் தூவிய துருவல் எல்லாம் வருகின்றன. இதயநோய் உள்ளவர்களுக்கு வரம்பு இன்னும் கீழே.

தேங்காய் எண்ணெயில் இருப்பது நடுத்தர நீளக் கொழுப்பு, அது உடனே எரிந்துவிடும், ரத்தக்குழாயில் படியாது என்று அந்த வீடியோவில் சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை இது. உடனே எரியக்கூடிய குட்டைக் கொழுப்பு அமிலங்கள் தேங்காய் எண்ணெயில் கொஞ்சம்தான். பெரும்பங்கு, அதாவது பாதிக்குக் கிட்டத்தட்ட, லாரிக் அமிலம். பெயர்ப்பட்டியலில் அது நடுத்தர வகையில் இருந்தாலும், குடலில் பெரும்பாலும் நீளக் கொழுப்பு போகும் பாதையிலேயே போகிறது, எல்டிஎல்லையும் ஏற்றுகிறது. தேங்காய் எண்ணெயை மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2020ல் 'சர்குலேஷன்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் சராசரியாகப் பத்துப் புள்ளி அதிகம் என்பது அதன் முடிவு. நல்ல கொழுப்பான எச்டிஎல்லும் நாலு புள்ளி ஏறியது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டு ரிப்போர்ட்டைப் பார்ப்போம். 62க்கும் 131க்கும் இடைவெளி 69. இதில் எண்ணெயின் பங்கு பத்தோ பதினைந்தோ இருக்கலாம். மீதியெல்லாம் மாத்திரையை நிறுத்தியதன் கணக்கு. அதனால் "செக்கெண்ணெய்தான் கொழுப்பை ஏத்திடுச்சு" என்று பழியை அதன்மேல் மட்டும் போட்டுவிட்டு, திரும்பவும் ரீஃபைண்ட் பாக்கெட் வாங்கிவந்தால் பிரச்சினை தீர்ந்ததாக நினைத்துவிடாதீர்கள். காலையில் குடிப்பதை நாளையிலிருந்தே நிறுத்தட்டும். சமையலுக்குத் தேங்காய் எண்ணெய் அறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவியலுக்கும் கூட்டுக்கும் மேலே ஒரு தேக்கரண்டி விடுங்கள், வாசனைக்கு அது போதும். தினசரித் தாளிப்பையும் வதக்கலையும் நிலக்கடலையில் ஆட்டிய கடலெண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் மாற்றிவிடுங்கள்.

செக்கு எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை

செக்கில் ஆட்டினால் கொழுப்பின் தன்மையே மாறிவிடும் என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்க ஓடுகிறது. அப்படி மாறாது. தேங்காய் எண்ணெயை வாகை மரச் செக்கில் ஆட்டினாலும் பெரிய ஆலையில் பிழிந்தாலும் நிறைவுற்ற கொழுப்பு அதே தொண்ணூறு சதவீதம்தான். கடலெண்ணெயில் ஏறக்குறைய 18, நல்லெண்ணெயில் 15; அதுவும் இரண்டு முறையிலும் ஒன்றேதான். "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பாக்கெட்டில் பெரிதாகப் போடுவது இன்னொரு வேடிக்கை. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. செக்கெண்ணெயாக இருந்தாலும் சரி, ரேஷன் பாமாயிலாக இருந்தாலும் சரி.

செக்கில் உண்மையிலேயே மிஞ்சுவது வேறு. சூடு ஏறாமல் மெதுவாக ஆட்டுவதால் வைட்டமின் ஈ, தாவர ஸ்டீரால்கள், நல்லெண்ணெயில் செசமின், செசமால் போன்ற பொருட்கள் அதிகம் தங்குகின்றன. ரீஃபைண்ட் எண்ணெயில் வாசனை நீக்கும் கட்டத்தில் 200 டிகிரிக்கு மேல் ஆவி விடுகிறார்கள், அதில் இவை ஓரளவு போய்விடும். என்னைக் கேட்டால், செக்கின் பெரிய லாபம் மணம்தான். அரிசிம்பருப்புச் சாதத்துக்கு மேலே ஒரு கரண்டி நல்ல கடலெண்ணெய் விட்டால் சட்டி முழுக்க மணக்கும். மணமில்லாத எண்ணெய் என்றால் கை தானாக இரண்டு கரண்டி விடும்.

அதே சமயம், ரீஃபைண்ட் செய்வதில் போகிற எல்லாமே நல்லவை இல்லை. ஈரம் பட்ட நிலக்கடலையில் பிடிக்கும் ஒரு பூஞ்சை, அஃப்ளாடாக்சின் என்ற நச்சைச் சுரக்கும். பல வருடம் உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஆலைச் சுத்திகரிப்பில் இந்த நச்சு பெரும்பாலும் போய்விடுகிறது, செக்கில் போகாது. ஆகவே செக்குக்குக் கொண்டுபோகும் பருப்பைப் பார்த்து எடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. மூட்டையின் மேலாகப் பார்க்காமல் அடியில் கைவிட்டு ஒரு கை அள்ளுங்கள். சுருங்கியது, கருத்தது, முளை கண்டது எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். நல்லதாகத் தெரிவதிலும் பத்துப் பருப்பை இரண்டாகப் பிளந்து உட்பக்கம் பாருங்கள். நடுவில் பச்சையும் மஞ்சளுமாகவோ கருப்பாகவோ பூத்திருந்தால் அந்த மூட்டையே வேண்டாம். பொறுக்கிப் போட்ட சொத்தையை மாட்டுக்கும் வைக்காதீர்கள், பாலில் இறங்கும்.

தேங்காய்ப் பருப்பில் பார்க்க வேண்டியது கந்தகம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் களத்தில் கந்தகப் புகை போடுகிற வழக்கம் உண்டு என்பது உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெறும் வெயிலில் காய்ந்த பருப்பு ஓரங்களில் பழுப்பேறி இருக்கும். வெள்ளை வெளேரென்று பளபளத்து, முகர்ந்தால் தீக்குச்சி வாடை அடித்தால் அது புகை போட்டது. தோப்பு உங்களுடையதாக இருந்தாலும் களம் அடுத்தவருடையது என்றால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சில மாதம் பருப்பு கிடைக்காமல் கடையில் எண்ணெயாகவே வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு இரண்டேகால் கிலோவுக்குக் குறையாமல் பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலையை அதோடு பெருக்கி, ஆட்டுகூலியைக் கூட்டி, புண்ணாக்கு விற்கும் காசைக் கழியுங்கள். வருகிற தொகையைவிடக் குறைவாக ஒருவர் "ஒரிஜினல் மரச்செக்கு" விற்கிறார் என்றால், அவர் தர்மம் செய்யவில்லை, பாமாயில் கலக்கிறார்.

ஆட்டிய எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வைத்துத் தெளியவிடுவதாக எழுதியிருப்பதையும் மாற்றுங்கள். வெளிச்சம்தான் எண்ணெய்க்கு முதல் எதிரி. மூடிய எவர்சில்வர் போசியில் நிழலில் மூன்று நாள் வைத்தால் கசடு தானே அடியில் தங்கும். மேலாக வடித்துக்கொண்டு, கடலெண்ணெயை இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சிக்கு வாடை வந்த எண்ணெயை "வீணாகுதே" என்று குழம்பில் விட வேண்டாம்.

எட்டு லிட்டர்

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், கண்ணுக்குத் தெரிகிற எண்ணெய், நெய்யெல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராம் என்று சொல்கிறது. மேல்பக்க அளவெல்லாம் மண்வெட்டி பிடிக்கிற ஆளுக்கு. உட்கார்ந்த வேலைக்காரருக்கு அடியிலுள்ள எண்தான். உங்கள் வீட்டில் எட்டு லிட்டரை ஐந்து பேருக்கும் முப்பது நாளுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 48 கிராம் வருகிறது. அந்த ஐந்து பேரில் ஒன்று எட்டு வயதுக் குழந்தை, ஒருவர் எழுபதைத் தாண்டியவர். கணக்குப்படி உங்கள் வீட்டுக்கு நான்கரை லிட்டர் போதும்.

இதை எழுதுகிற நானும் யோக்கியமில்லை. சில வருடத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் போய்க்கொண்டிருந்ததை, டப்பாவில் ஒரு காகிதம் ஒட்டித் தேதி எழுத ஆரம்பித்த பிறகுதான் கண்டுபிடித்தோம். நீங்களும் அதையே செய்யலாம். மாத முதல் தேதி நான்கரை லிட்டரைத் தனிப் போசியில் ஊற்றி வைத்துக்கொண்டு, சொம்பிலிருந்து சாய்த்து ஊற்றாமல் தேக்கரண்டியால் எடுத்து விடுங்கள். முதல் மாதம் இருபதாம் தேதியே போசி காலியாகும். ஆகட்டும், அடுத்த மாதம் கை தானே சுருங்கும்.

எண்ணெய் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரிதான்.

ஓவனும் 180 டிகிரியும்

உங்கள் வாடிக்கையாளரின் பயம் வாணலிக்குப் பொருந்தும், கேக்குக்குப் பொருந்தாது. சுத்திகரிக்காத கடலெண்ணெய் 160 டிகிரி வாக்கில் புகைய ஆரம்பிக்கும், தேங்காய் எண்ணெய் 175 வாக்கில். வாணலியில் எண்ணெய் தனியாக நேரடிச் சூட்டில் நிற்கிறது, அதனால் புகையும். கேக் மாவில் அது முட்டை, பால், மாவோடு கலந்து கிடக்கிறது. மாவில் ஈரம் இருக்கும்வரை உள்சூடு நூறைத் தாண்டாது. ஓவன் 180 காட்டினாலும் கேக்கின் நடுவில் தெர்மாமீட்டர் குத்தினால் 97, 98 தான் காட்டும். மேலோடு மட்டும் சிவக்கும். ஆகவே பயப்படாமல் தூங்குங்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது ஓவனைப் பற்றி இல்லை, தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயை வடிகட்டி வைத்து மறுநாள் போண்டா, அதற்கடுத்த நாள் தாளிப்பு என்று ஓட்டுகிறீர்களே, அதைப் பற்றித்தான். உணவகங்களுக்கே, பொரித்த எண்ணெயில், திரும்பத் திரும்பச் சுடுவதால் உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. வீட்டில் அளக்க முடியாது. கருத்து, நுரை கட்டி, பிசுபிசுத்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணெயை நீக்கித் தேங்காய் எண்ணெய் போட்டதில் ஆரோக்கியக் கணக்குப்படி உங்களுக்கு லாபமில்லை. வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு நூறு கிராமுக்கு 51, நீங்கள் போட்டதில் 90. மாற்றுவது என்றால் கடலெண்ணெய்க்கு மாற்றுங்கள். அதிலும் ஒரு கணக்கு உண்டு: வெண்ணெயில் எண்பது சதவீதம்தான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி பாலும் சரியாக வரும். நூறுக்கு நூறு போட்டால் கேக் அடியில் எண்ணெய் கசிந்து காகிதம் நனைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் இதுதான். மார்கழியில் மாவு திரிதிரியாகப் போனதற்கும் விடை உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையையும் பாலையும் அப்படியே ஊற்றினால் கிண்ணத்திலேயே கட்டிக்கொள்ளும்.

செக்குக் கடலெண்ணெயின் வாசனை வெனிலா கேக்கைக் கெடுக்கும் என்பது சரிதான். அதை மறைக்கப் பார்க்காமல், அந்த வாசனைக்குப் பொருந்துவதைச் செய்யுங்கள். ராகியும் வாழைப்பழமும் சேர்ந்த கேக்குக்குக் கடலெண்ணெய் பொருந்தும். கருப்பட்டி கேக்குக்கு நல்லெண்ணெய். எள்ளாட்டும்போது செக்கில் கருப்பட்டி போடுவதால் அந்த இரண்டுக்கும் பழைய சினேகம். பஃப்ஸ் பக்கம் மட்டும் போக வேண்டாம். நம் ஊரில் டீக்கடைக்கே பேக்கரி என்றுதான் பேர், அதனால் பஃப்ஸ் கேட்பார்கள். அந்த அடுக்குகள் பிரிய உறைந்த கொழுப்பு வேண்டும், எண்ணெயில் வராது. வனஸ்பதி, மார்ஜரின் வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2022லிருந்து இரண்டு சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. முன்னைவிட நிலைமை தேவலை. என்றாலும் அதை வைத்து ஆரோக்கியப் பலகாரம் செய்ய முடியாது.

எண்ணெயை மாற்றியதால் கேக்கிலுள்ள சர்க்கரையும் மைதாவும் எங்கும் போய்விடவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பெட்டியின் மேல் எழுதுவது

"இதயத்துக்கு நல்லது" என்ற ஸ்டிக்கரை எடுத்துவிடுங்கள். சான்று இல்லாமல் இப்படி எழுதுவதை 2018ஆம் ஆண்டின் உணவு விளம்பர விதிகள் அனுமதிப்பதில்லை. ஒரு புகார் போனால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். வீட்டிலிருந்து விற்பவர்களும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த 14 இலக்க எண் பெட்டியில் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை, செய்யவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

கடலெண்ணெய்க்கு மாறினால் "நிலக்கடலை சேர்ந்தது" என்ற வரியைக் கண்டிப்பாகப் போடுங்கள். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு நன்கு சுத்திகரித்த கடலெண்ணெய் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. காரணம், அதில் புரதம் இருக்காது. செக்கெண்ணெயில் புரதம் தங்கியிருக்கும். அதனால் அப்படிப்பட்ட குழந்தைக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கலாம். கோதுமை, பால், முட்டையையும் அதே வரியில் எழுதுங்கள். "செக்குக் கடலெண்ணெயில் செய்தது" என்று எழுதுவதில் தப்பில்லை, அது உண்மை.

உங்கள் அத்தை சொன்னது

அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம், பாதி அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. சிவகிரிப் பக்கம் எங்கள் அம்மாயி வீட்டிலும் செக்கெண்ணெய்தான். தை, மாசியில் எள்ளை ஆட்டிவந்தால் அந்த ஒரு போசிதான் வருடத்துக்கும். அம்மாயி அதில் ஒரு சின்னக் கரண்டியைத் தொங்கவிட்டிருப்பார், எண்ணெய் எடுக்கிற உரிமை அவருக்கு மட்டும்தான். பருப்பு வேகும்போது ஒரு சொட்டு விளக்கெண்ணெய், தாளிக்க அரைக்கரண்டி நல்லெண்ணெய். பலகாரச் சட்டி அடுப்பில் ஏறுவது ஆடிக்கும் தீபாவளிக்கும். விடிந்தால் காடு, பொழுது சாய்ந்தால் வீடு. தேங்காய் எண்ணெய் எங்கள் வீட்டில் தலைக்குத்தான். வறண்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டு பூமியில் அன்றாடச் சமையலுக்கு அது வந்தது பிறகு. நிலக்கடலையும் ஆதியிலிருந்து நம்முடையது இல்லை, தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பயிர்.

யாருக்கும் அட்டாக் வரவில்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. எங்கள் அப்பாரு ஐம்பத்திரண்டு வயதில், கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்துவிட்டு வந்து திண்ணையில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "காத்து அடிச்சுடுச்சு" என்றார்கள். ஈசிஜி எடுக்க அன்றைக்கு அந்த ஊரில் யார் இருந்தார்கள்?

அத்தையிடம் எண்ணெய்ப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள் என்பது என் யோசனை. நான்கரை லிட்டர் போசியும் தேக்கரண்டியும் அவர் கையில் இருக்கட்டும். அவர் அளந்து கொடுத்தால் வீட்டில் எதிர்த்துப் பேச ஆளிருக்காது, மகன் உட்பட. காலை எண்ணெயை நிறுத்துவதையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து ஆறு முதல் எட்டு வாரத்தில் ரத்தத்தைப் பார்க்கச் சொல்வார்கள். எல்டிஎல் எவ்வளவு வந்தது என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டால் போதும். கருப்பட்டி கேக்கில் நல்லெண்ணெய் எத்தனை கிராம் சரியாக வந்தது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், என் வீட்டில் கேட்கிறார்கள்.